தாத்தாவின் தங்க வாட்ச்சில் குட்டி முள் எங்கே?

சம்பளத்துக்கு மறுநாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆபீசில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காரும் நண்பர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கைக்குட்டை முடிச்சு ஒன்றை அவிழ்த்தார். உள்ளே ஒரு தங்கக் கைக்கடிகாரம். ஒமேகா.

"பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைச்சிருக்கு. மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டணும். இது எங்க தாத்தா வாட்ச். 18 காரட்னு அப்பா சொல்லுவார். நேத்து ஒரு நகைக்கடையில காட்டினேன். அவன் சொன்ன விலையைக் கேட்டுத் தூக்கமே வரலை. அவ்வளவுதானா, இல்லை ஏமாத்தறானா? நீங்க பத்திரிகைக்கு எழுதறவர். தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தவர். பல்லார்டு பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தார். 25 வருஷ சர்வீஸ் முடித்ததற்காக கம்பெனி கொடுத்த பரிசு அந்த வாட்ச். பின்மூடியில் தாத்தாவின் இனிஷியல், கம்பெனி பெயர், 1958 என்ற வருஷம், மூன்றும் சாய்ந்த எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன.

நகைக்கடைக்காரர் செய்தது இவ்வளவுதான். ஸ்ட்ராப்பைக் கழற்றினார். முழு வாட்ச்சையும் தராசில் வைத்தார். மூடியைத் திறக்கவே இல்லை. "மெஷினுக்கு, கண்ணாடிக்குக் கழித்தால் 8 கிராம் தேறும். வெளிநாட்டு வாட்ச்சில் 14 காரட்தான் வரும்" என்று சீட்டில் எழ்திக் கொடுத்துவிட்டார். அப்படியே மின்னிய இன்னொரு கடையில், "டயலைப் புதிதாக அடித்து, பின்னால் இருக்கும் எழுத்தைத் தேய்த்து எடுத்து, பாலீஷ் போட்டுக் கொடுங்கள், நல்ல விலைக்குப் போகும்" என்று யோசனை சொன்னார்களாம்.

இந்த இரண்டு யோசனைகளில் எது மோசமானது என்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

சயான் ஸ்டேஷனுக்கு அருகே, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மேலப்பாளையத்துக்காரர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நண்பரை அவரிடம் அழைத்துப் போனேன். ஒன்றரை மணி நேரம் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மவர் பல பேர் வீட்டு பீரோவில் இப்படி ஒரு வாட்ச் கிடக்கும். அவசரத்துக்கு விற்கப் போகும்போது உபயோகப்படலாம்.

எது தங்கம்?

முதலில் ஒரு கசப்பான உண்மை. மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுகிற வழக்கத்தில் நம் வீடுகளுக்கு வந்த 'தங்க வாட்ச்'களில் பெரும்பாலானவை தங்கமே இல்லை. தங்க முலாம். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் காஞ்சன் வாட்ச்சை வடக்கே மாப்பிள்ளைகள் கேட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு. காஞ்சனம் என்றால் பொன், வாட்ச் பொன்முலாம்தான். அது குற்றமில்லை. கம்பெனி மறைக்கவும் இல்லை. பின்மூடியில் ஸ்டீல் என்று எழுதியிருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

வெளிநாட்டு வாட்ச்களிலும் அப்படியே. '20 மைக்ரான்' என்று மூடியிலோ காதின் அடியிலோ பொறித்திருந்தால் அது முலாம் கனத்தின் கணக்கு. 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. முழுக் கேஸையும் உரித்தாலும் அரை கிராம் தங்கம் தேறுவது கஷ்டம். 'ரோல்டு கோல்டு', 'கோல்டு ஃபில்டு' என்று எழுதியிருந்தால் தங்கத் தகட்டை வேறு உலோகத்தின்மேல் அழுத்தி ஒட்டியது. '18கே' என்ற எழுத்துக்குப் பின்னால் 'ஜி.பி.' என்று இருந்தால் அதுவும் முலாமே. அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு '18கே'யை மட்டும் படித்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர்.

முலாமை லென்ஸ் இல்லாமலே கண்டுபிடிக்கலாம் என்றார் பாய். ஸ்ட்ராப் மாட்டும் நான்கு காதுகளின் நுனி, சாவி கொடுக்கும் திருகைச் சுற்றிய ஓரம், மணிக்கட்டில் உராயும் அடிப்பக்கம், இந்த இடங்களில் முலாம் தேய்ந்து உள்ளே வெள்ளையோ செம்மஞ்சளோ தெரியும். கெட்டித் தங்கம் தேய்ந்தாலும் தங்க நிறமாகவே தேயும்.

நண்பரின் வாட்ச்சில் காது நுனிகள் மழுங்கியிருந்தன. நிறம் மாறவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

பெண் தலையும் அணிலும்

பாய் மூடியைத் திறந்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். '0.750' என்ற எண். பக்கத்தில் கடுகளவில் ஒரு பெண்ணின் தலை.

சுவிட்சர்லாந்தில் தங்க வாட்ச் கேஸ்களை அரசாங்கம் சோதித்து முத்திரையிடும் சட்டம் 1880-லேயே வந்தது. 18 காரட் தங்கத்துக்கு ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை. 14 காரட்டுக்கு அணில். 1995 வரை இந்த முத்திரைகள் இருந்தன. அதன் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு நாயின் தலை. பனிமலையில் வழி தவறியவர்களைத் தேடும் செயின்ட் பெர்னார்டு நாய்தான் அது. எண்ணிலும் விஷயம் இருக்கிறது. 750 என்றால் ஆயிரத்தில் 750 பங்கு சுத்தத் தங்கம்; அதுவே 18 காரட். 585 என்றால் 14. இங்கிலாந்தில் கேஸ் செய்யப்பட்ட வாட்ச்களில் 375, அதாவது 9 காரட், நிறைய உண்டு. அவற்றில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம் ஊர் முத்திரை. கூட இருக்கும் ஒற்றை எழுத்து வருஷத்தைச் சொல்லும்.

நம் ஊர் ஹால்மார்க்கைப் பழைய வாட்ச்சில் தேடிப் பயனில்லை. 2021-ல் நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமானபோதே கைக்கடிகாரத்துக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஹால்மார்க் இல்லாத தங்கம்" என்று சொல்லி விலையைக் குறைத்தால் அது வாதமே இல்லை.

முத்திரையை மட்டும் நம்பலாமா? கூடாது என்கிறார் பாய். முத்திரையைப் போலியாகவும் அடிக்கலாம். ஜவேரி பஜாரில் காரட் பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மேல்புறத்தைத்தான் படிக்கும். கனத்த முலாம் அதையும் ஏமாற்றிவிடும். ஆகவே முத்திரை, மெஷின், எடை மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும். மூடியை ஒரு முறை, நடுக்கேஸை ஒரு முறை தனித்தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூடி ஒரு வாட்ச்சிலிருந்தும் கேஸ் ஒரு வாட்ச்சிலிருந்தும் வருவது உண்டு. உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். கோடு விழுந்த கேஸ் விழுந்ததுதான்.

பிறகு அவர் மெஷினையும் டயலையும் கண்ணாடியையும் கழற்றி, வெறும் கேஸையும் மூடியையும் மட்டும் தராசில் வைத்தார். 11.4 கிராம்.

நான் ரயில்வே குமாஸ்தா. கணக்கு போடாமல் இருக்க முடியாது. 11.4 கிராமில் முக்கால் பங்கு 8.55 கிராம் சுத்தத் தங்கம். நம் பெண்கள் பேசும் 22 காரட் கணக்கில் 9 கிராமுக்குச் சற்று மேல். நகைக்கடைச் சீட்டுப்படி 8 கிராம் 14 காரட் என்றால் 4.68 கிராம்தான் சுத்தத் தங்கம். ஏறக்குறைய பாதியை அவர் பேச்சிலேயே கழித்துவிட்டார். வாட்ச் விற்கப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கண்ணெதிரே திறந்து, மெஷினை எடுத்துவிட்டு, கேஸை மட்டும் நிறுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நண்பர் மகிழ்ந்து போனார். "அப்ப எல்லாம் சரியா பாய்?" என்றார்.

பாய் பதில் சொல்லவில்லை. மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து தட்டா, ஐந்தரையா?

"சாவி கொடுக்கும்போதே கரகரன்னு இருந்துச்சு தம்பி. கம்பி நேரா உக்காரல" என்றார். பிறகு இடுக்கியால் மெஷினைச் சுற்றியிருந்த ஒரு மெல்லிய பித்தளை வளையத்தை எடுத்து வெளியே வைத்தார். "இது எதுக்கு இங்க இருக்கு?"

ஒமேகா கம்பெனி 1939 முதல் 1963 வரை 30 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மெஷின் செய்தது. கையால் சாவி கொடுப்பது. மொத்தம் சுமார் 30 லட்சம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போன வாட்ச்களிலும் அதுதான் இருந்தது. பழைய ரிப்பேர்காரர்கள் அதன் பேச்சை எடுத்தாலே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். நண்பரின் கேஸ் அந்த 30 மில்லிமீட்டர் மெஷினுக்கென்றே கடைந்தது. ஆனால் உள்ளே இருந்தது 28 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான, பிற்பாடு வந்த வேறு மெஷின். 601 என்று அதிலேயே பொறித்திருந்தது. அதுவும் ஒமேகாதான், நல்ல மெஷின்தான். ஆனால் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. இடைவெளியை அடைக்கத்தான் பித்தளை வளையம்.

மெஷினை மைக் வைத்த ஒரு சின்னக் கருவியில் மாட்டினார். வாட்ச்சின் துடிப்பை எண்ணும் கருவி அது. 19,800 என்று காட்டியது. மணிக்கு அத்தனை தட்டு, வினாடிக்கு ஐந்தரை. 30 மில்லிமீட்டர் மெஷின் மணிக்கு 18,000 தட்டும், வினாடிக்கு ஐந்து. "எனக்குக் காதுலயே தெரிஞ்சுது. உங்களுக்குக் காட்டணும்னுதான் மாட்டினேன்" என்றார்.

மூன்றாவது சாட்சி எண். ஒமேகா மெஷின்களில் வரிசை எண் வெட்டியிருக்கும். அதை வைத்து எந்த வருஷத்தது என்று உத்தேசமாகச் சொல்லலாம். 1944-ஐ ஒட்டி 1 கோடியைத் தொட்டது. 1958 வாக்கில் 1 கோடியே 60 லட்சம். 1963-ல் 2 கோடி. ஓரிரு வருஷம் முன்பின் இருக்கும். பரிசுக்கு வாங்கிய கடையில் ஓரிரு வருஷம் கிடந்திருக்கவும் கூடும். ஆனால் நண்பரின் மெஷினில் இருந்த எண் 2 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அது 1966 வாக்கில் வந்த எண். 1958-ல் கொடுத்த பரிசுக்குள் 1966 மெஷின் எப்படிப் போனது?

நண்பர் பேசவில்லை. எனக்கும் அவரை அழைத்து வந்திருக்க வேண்டாமோ என்று தோன்றிவிட்டது.

டயல் சொன்னது

டயல் பளிச்சென்று இருந்தது. அதுதான் நண்பருக்குப் பெருமை. "67 வருஷத்துக்கு எவ்வளவு சுத்தம் பாருங்க" என்று ஆபீசில் காட்டியிருந்தார். மும்பையில் நான்கு மாத மழையை அறுபது தடவைக்கு மேல் பார்த்த டயல் அவ்வளவு சுத்தமாக இருக்காது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் நிறம் மங்கி, ஓரத்தில் புள்ளி விழுந்திருந்தால்தான் இயற்கை.

லென்ஸில் பார்த்தால் கதையே வேறு. எழுத்துக்கள் தடித்து, ஓரம் பிசிறடித்திருந்தன. கம்பெனியில் அச்சிட்டது கத்தியால் வெட்டினாற்போல இருக்கும். நிமிஷக் கோடுகள் ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகியிருந்தன. பதித்த தங்கக் கோடுகளின் பக்கவாட்டில் வண்ணம் ஏறியிருந்தது. டயலின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு. மறுபடி வண்ணம் அடிப்பவர்கள் திசை தெரிவதற்காகப் போடும் அடையாளம் அது. டயலைத் திருப்பினார் பாய். டயலை மெஷினில் பிடித்து நிறுத்தும் இரண்டு செம்புக் கால்கள் நறுக்கப்பட்டிருந்தன. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். வேறு மெஷினுக்குப் பிறந்த டயல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முள்களையும் கவனிக்கச் சொன்னார். நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொட வேண்டும். இதில் ஒரு நூலிழை குட்டையாக நின்றது. கண்ணாடியும் மாற்றியதுதான். ஒமேகாவின் பழைய பிளாஸ்டிக் கண்ணாடியாக இருந்தால் நட்ட நடுவில், முள் ஆணிக்கு நேர் மேலே, லென்ஸுக்கு மட்டும் தெரியும் அளவில் கம்பெனி சின்னம் இருக்கும். இதில் இல்லை. ஆனால் கண்ணாடியை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது செருப்பு மாதிரி, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். ஸ்ட்ராப்பும் அப்படியே.

இங்கே ஒரு எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும் புள்ளிகள் உள்ள பழைய வாட்ச் உங்களிடம் இருந்தால் அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள். அந்நாளில் ரேடியம் போட்டார்கள். ஒளி செத்துப் போனாலும் ரேடியம் சாகாது. பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அந்தத் தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து.

மும்பை ஸ்பெஷல்

இப்படி நாலு வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்து, டயலைப் புதிதாக அடித்து விற்கும் சரக்குக்கு வெளிநாட்டு வாட்ச் பிரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'பம்பாய் ஸ்பெஷல்'. நம் ஊர்ப் பெயர் இப்படிப் போயிருப்பது கேட்கச் சுருக்கென்றுதான் இருக்கிறது. சோர் பஜாரில் மட்டன் தெருப் பக்கம் போனால் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும் டயல்களோடு அவை கிடக்கும். தெரிந்து வாங்கினால் தப்பில்லை. ஓடுகிற வரை ஓடும். அசல் என்று விற்பதுதான் தப்பு.

ஆனால் அந்தத் தொழில் பிறந்ததன் காரணத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குப் பல காலம் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. வெஸ்ட் எண்டும், ஃபேவர் லூபாவும், ரோமரும், ஒமேகாவும் கையில் கட்டியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். உதிரி பாகம் இல்லை. ஒரு பேலன்ஸ் அச்சு ஒடிந்தால் ரிப்பேர்காரர் செத்த வாட்ச் ஒன்றிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். தினமும் ரயிலுக்கு ஓடுகிறவனுக்கு மணி தெரிந்தால் போதும்; அசலா என்று அவன் கேட்கவில்லை. கை தேர்ந்த வேலைக்காரர்கள் அப்படித்தான் உருவானார்கள். அதே கைகள் பிறகு வேறு வேலைக்கும் பயன்பட்டன.

இதில் நம் ஊரை மட்டும் பழிப்பதும் சரியில்லை. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகா கம்பெனியே. பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023-ல் அம்பலமாயிற்று. செய்த கம்பெனியே ஏமாந்தது. நண்பரின் அப்பா ஏமாந்ததில் என்ன அதிசயம்?

1987

எப்போது மாறியது என்பதையும் பாய் கண்டுபிடித்தார். ரிப்பேர்காரர்கள் வேலை முடித்ததும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் ஒரு குறி கீறி வைப்பது வழக்கம். மறுபடி வாட்ச் வந்தால் தாங்கள் பார்த்ததுதானா என்று தெரிய வேண்டுமே. இந்த மூடியில் மூன்று குறிகள். மங்கலாக 64. அடுத்தது 71. மூன்றாவது வேறு கை: 7-87.

நண்பர் நிமிர்ந்தார். "87-ல தாத்தா தவறின வருஷம். வாட்ச் நின்னுபோச்சுன்னு அப்பா ஒரு கடையில குடுத்தார். நாலு மாசம் அலைய விட்டாங்க. நான் ஸ்கூல் பையன். அப்பாகூட ரெண்டு தடவை போயிருக்கேன்" என்றார். அந்தக் கடை இப்போது இல்லை.

"திருடிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பாகம் கிடைச்சிருக்காது. கையில இருந்த மெஷினைப் போட்டு ஓட விட்டிருப்பாங்க. பழைய மெஷினைத் திருப்பிக் குடுத்திருக்கணும். மாத்திட்டோம்னு வாயால சொல்லியிருக்கணும். அதான் தப்பு" என்றார் பாய். பிறகு கேட்டார்: "தாத்தா இதைக் கட்டிக்கிட்டு எடுத்த போட்டோ இருக்கா?"

வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த ஸ்டுடியோ படத்தை நண்பர் செல்போனில் எடுத்து வைத்திருந்தார். தாத்தா நாற்காலியில், இடது கை கைப்பிடியில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். டயலில் 6 மணி இருக்கும் இடத்துக்குமேல் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. வினாடி முள்ளுக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். இப்போது கையில் இருந்த வாட்ச்சில் அது இல்லை. வினாடி முள் நடுவிலிருந்து நீளமாக ஓடியது.

நண்பர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அத்தை சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றார்.

அத்தை செம்பூரில் இருக்கிறார். 80 வயது. தாத்தாவுக்கு வாட்ச் வந்தபோது அவருக்கு 13. தினமும் காலையில் சாவி கொடுப்பது அவருடைய உரிமை. தம்பிகளை மூச்சடக்கச் சொல்லி அந்தக் குட்டி முள்ளைப் பார்த்து வினாடி எண்ணுவாராம். 1987-க்குப் பிறகு ஒரு தீபாவளிக்கு வந்தவர் வாட்ச்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல குட்டி முள் எங்கே?" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். அக்காவுக்கு ஞாபகம் குழம்புகிறது என்றார். அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை அத்தை கேட்டிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

விலை என்ன?

இனி விஷயத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட வாட்ச்சுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று தங்கத்தின் விலை. மெஷின் மாறினாலும் டயல் மாறினாலும் அது அசையாது. 8.55 கிராம் சுத்தத் தங்கம், அன்றைய மார்க்கெட் ரேட். உருக்குக் கூலி என்று கொஞ்சம் பிடிப்பார்கள். பேரம் பேசலாம்.

மற்றது வாட்ச் என்ற முறையில் கிடைக்கும் விலை. கேஸ், மெஷின், டயல், முள் எல்லாம் ஒரே நாளில் ஒன்றாகப் பிறந்தவையாக இருந்தால் அது தங்க விலையைத் தாண்டிப் போகும். அழுக்கேறியிருந்தாலும், நின்று போயிருந்தாலும், டயலில் கறை இருந்தாலும் போகும். அசல் கெடாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பணம். மெஷினும் டயலும் மாறியதால் நண்பரின் வாட்ச்சுக்கு அந்த இரண்டாவது விலையில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பது கேஸும், பின்மூடி எழுத்தும்.

எழுத்தைத் தேய்த்து எடுக்கச் சொன்ன கடையின் யோசனையை நண்பர் அப்போதுதான் பாயிடம் சொன்னார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த 1958-தான் உங்களுக்கு இன்னைக்குச் சாட்சி சொல்லிச்சு. அது இல்லேன்னா இந்த மெஷின் பொய்னு எப்படித் தெரியும்? தேய்ச்சா தங்கமும் குறையும், முத்திரையும் மழுங்கும், காது ஓரமும் உருண்டுபோகும். பாலீஷ் போட்டா திருப்பி எடுக்க முடியுமா?" என்று பொரிந்தார். ஏற்கெனவே மழுங்கியிருந்த காது நுனிகளைக் காட்டி, முன்பே இரண்டு தடவையாவது யாரோ பாலீஷ் போட்டிருக்கிறார்கள் என்றார்.

நண்பர் கேட்டார்: "அப்ப உருக்கக் குடுத்திடலாமா பாய்?" பாய் அதற்கு யோசனை சொல்லவில்லை. அது வீட்டுக்காரர் முடிவு என்றுவிட்டார். ஆனால் வாட்ச்சாகவே விற்றால் மெஷினும் டயலும் மாறியதை வாங்குகிறவரிடம் எழுதிக் கொடுத்து விற்க வேண்டும் என்றார். "உங்க அப்பாவுக்கு யாரும் சொல்லல. நீங்க சொல்லிருங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நண்பர் செம்பூருக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் கோபப்படவில்லையாம். "நான் அப்பவே கேட்டேனே, சிரிச்சீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காப்பி கொண்டு வந்து வைத்த பிறகு, பையன் படிப்புக்கு எவ்வளவு குறைகிறது என்று கேட்டார்.

பணம் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் பிராவிடண்ட் ஃபண்டிலுமாகப் புரண்டது. மிச்சத்துக்கு அத்தை ஒரு வளையலைக் கொடுத்தார். 22 காரட், ஹால்மார்க் உள்ளது. அதற்கு அவர் போட்ட நிபந்தனை, வாட்ச் குட்டி முள்ளோடு திரும்பி வர வேண்டும் என்பது.

பாய் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். கேஸ் உடைந்த ஸ்டீல் ஒமேகா ஒன்று கிடைத்தால், அதிலிருந்து குட்டி முள் உள்ள 30 மில்லிமீட்டர் மெஷினையும், வண்ணம் அடிக்காத பழைய டயலையும் எடுத்துப் பொருத்தலாம் என்கிறார். அதுவும் தாத்தாவின் மெஷின் ஆகிவிடாது. அதை அவரே இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆனால் கேஸில் வளையம் இல்லாமல் உட்காரும். வினாடிக்கு ஐந்து தட்டும்.

போன வாரம் நண்பர் வாட்ச்சை அவரிடம் ஒப்படைத்தார். பாய் வழக்கம்போலத் துண்டுச்சீட்டில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார். நண்பர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கேஸ் எடை 11.4 கிராம், மூடியின் உட்புறத்து எண், மெஷின் எண், டயல் மறுவண்ணம் அடித்தது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். பாய் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன்.